மூடுவதற்கு முன் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்: எங்கட ஒழுங்கைக் கிணற்றின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் அவர்கள்தான் திருத்த வேண்டும்.

போன ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றபோது ஒரு பேச்சு வந்தது. எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருக்கும் பொதுக் கிணற்றை மண் போட்டு மூடிவிட்டு, அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் எடுக்கலாமாம். "வீட்டுக்கு வீடு பைப் தண்ணி வந்திட்டு. இப்ப ஆரு அதில அள்ளுற? நுளம்புதான் பெருகுது" என்றார் ஒருவர். சொன்னவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சபையில் பேசுவதை விட எழுதுவது எனக்கு இலகு. அதனால் எழுதுகிறேன்.

முதலில் மதீனாவுக்குப் போவோம்.

ஸஅத் இப்னு உபாதா (ரழி) அவர்கள் கஸ்ரஜ் கோத்திரத் தலைவர்களில் ஒருவர். கொடையில் பேர் போனவர். அவருடைய தாய் மௌத்தானபோது அவர் ஊரில் இல்லை. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கிடைக்காத பிள்ளையின் மனது எப்படி இருக்கும் என்று வெளிநாட்டில் உழைக்கப் போன நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. திரும்பி வந்தவர் நபி (ஸல்) அவர்களிடம், தாயின் பேரில் நான் தர்மம் செய்தால் அது அவருக்குப் பயன் தருமா என்று கேட்டார். தரும் என்றார்கள். தன் தோட்டத்தையே தாயின் பேரில் கொடுத்தார் என்று புகாரியில் வருகிறது. அபூதாவூதில் வரும் அறிவிப்பில், எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்கிறார். கிடைத்த பதில் தண்ணீர். அவர் ஒரு கிணறு தோண்டி, இது உம்மு ஸஅதுக்கு உரியது என்று சொன்னார்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்த விடயம் ஒன்று உண்டு. அவருடைய கவலைக்கு வெறும் ஆறுதல் வார்த்தை மட்டும் கிடைக்கவில்லை, ஒரு வேலை கிடைத்தது. மண்ணை வெட்ட வேண்டும், கல் கட்ட வேண்டும், தாகத்தோடு வருகிற யாரோ ஒருவன் அதில் குடிக்க வேண்டும்.

இரண்டாவது, ரூமா கிணறு. ஹிஜ்ரத் செய்து வந்தவர்களுக்கு மதீனாவில் நல்ல தண்ணீர் தட்டுப்பாடு. ரூமா கிணற்றில் இனிப்பான தண்ணீர் இருந்தது, ஆனால் காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். அதை யார் வாங்கி மற்ற முஸ்லிம்களின் வாளியோடு தன் வாளியையும் சமமாக்கிக் கொள்கிறாரோ அவருக்கு சுவனத்தில் அதை விடச் சிறந்தது உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள். உஸ்மான் (ரழி) அவர்கள் தன் சொந்தப் பணத்தில் வாங்கிப் பொதுவாக்கினார்கள். அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். கொடுத்தவரின் வாளிக்குத் தனி மரியாதை இல்லை. அவரும் வரிசையில் ஒருவர்தான்.

ஆனால் அந்த வரலாறு அங்கே முடியவில்லை. ஹிஜ்ரி 35இல் கலகக்காரர்கள் உஸ்மான் (ரழி) அவர்களை வீட்டுக்குள் முற்றுகையிட்டபோது, தான் வாங்கிக் கொடுத்த அதே கிணற்றின் தண்ணீரை அவர்களுக்கே தடுத்தார்கள். உப்புத் தண்ணீரைக் குடிக்கும் நிலைக்கு என்னை ஆளாக்கிவிட்டீர்களே என்று அவர்கள் மக்களைப் பார்த்து நினைவூட்டியதாக திர்மிதியில் இருக்கிறது. கிணற்றைக் கொடுத்தவர் யார் என்பதைக் கூட ஒரு ஊர் இவ்வளவு சீக்கிரம் மறந்துவிடும்.

மூன்றாவது, ஸுபைதா அம்மையார். அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி, கலீஃபா மன்ஸூரின் பேத்தி. கி.பி. 831இல் பக்தாதில் மௌத்தானவர். கூஃபாவிலிருந்து மக்கா வரை சுமார் 1,400 கிலோமீற்றர் ஹஜ் பாதையில் கிணறுகளும் நீர்த் தொட்டிகளும் அமைத்ததால் அந்தப் பாதைக்கே 'தர்ப் ஸுபைதா' என்று பெயர் வந்தது. ஹாஜிகள் தண்ணீருக்குப் படும் பாட்டைக் கண்டு, ஹுனைன், நுஃமான் பள்ளத்தாக்குகளிலிருந்து மலையடிவாரம் வழியாகக் கால்வாய் வெட்டி மக்கா, அரஃபா பக்கம் தண்ணீர் கொண்டு வந்தார். பம்பு இல்லாத காலம். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும்படி சரிவைக் கணக்குப் பார்த்து வெட்டிய வேலை அது.

அதைக் கட்டியது ஸுபைதா என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆனால் அது நூற்றாண்டுக் கணக்கில் ஓடியதற்குக் காரணம் ஸுபைதா மட்டும் இல்லை. வெள்ளம் வந்தால் கால்வாய் மண் மூடும், சுவர் உடையும். ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் அதைத் தூர் எடுத்துத் திருத்தினார்கள். 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா தன் செலவில் பெரிய திருத்த வேலை தொடங்கி வைத்தார். கட்டிய பெண்ணின் பெயர் நிலைக்க வேண்டுமென்றால், ஏழு நூற்றாண்டு கழித்து வந்த இன்னொரு பெண் மண்வெட்டிக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

இனி நம் கரைக்கு வருவோம்.

கல்முனைக் கரையில் நம் ஊர்கள் எல்லாம் ஒரு நீட்டு மணல் மேடு. கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும். இந்த மணலுக்குள் நல்ல தண்ணீர் எப்படி வந்தது என்று சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. கீழே கடலில் இருந்து ஊறி வந்த உப்புத் தண்ணீர் இருக்கிறது. உப்புத் தண்ணீர் பாரம், மழைத் தண்ணீர் இலேசு. அதனால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது, சுண்டக் காய்ச்சிய பாலில் ஆடை மிதப்பது போல. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்று விஞ்ஞானம் கணக்குச் சொல்கிறது. இதன் மறுபக்கம்தான் பயம் தருவது. மேலே ஒரு அடி குறைந்தால், கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏறி வரப் பார்க்கும்.

வகுப்பில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். கண்ணாடிக் குவளையில் சாயம் போட்ட உப்புத் தண்ணீர், அதன் மேல் கரண்டியால் மெல்லமாக நல்ல தண்ணீர். அசைக்காவிட்டால் இரண்டும் இரண்டாகவே நிற்கும். கரண்டியால் ஒரு சுற்று சுற்றினால் முடிந்தது.

மூத்தம்மாமாருக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது, ஆனால் பழக்கம் தெரிந்தது. ஆழமாகத் தோண்ட மாட்டார்கள். மணலில் பூவல் தோண்டி ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு எடுப்பார்கள். கிணறு என்றாலும் வாளியால் அள்ளுவதுதான். நம் பகுதியில் வீடு பெண் பிள்ளைக்குத்தானே. ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் பக்கத்துப் பக்கத்து வளவு கொடுத்து, எல்லையில் ஒரு கிணறு, நடுவில் பாதி வேலி. இந்தப் பக்கம் ஒரு வாளி, அந்தப் பக்கம் ஒரு வாளி. சண்டை பிடித்துப் பேசாமல் இருந்த சகோதரிகளைக் கூட அந்தக் கிணறு பேச வைத்திருக்கிறது.

எங்கள் ஒழுங்கைக் கிணறும் அப்படி ஒரு உம்மாவின் வளவுக்குள் இருந்ததுதான். வழிப்போக்கரும் வீடில்லாதவரும் அள்ளட்டும் என்று அவர் வேலியை உள்ளே தள்ளிப் போட்டு, கிணற்றை ஒழுங்கைப் பக்கம் விட்டுக் கொடுத்தாராம். பெரியவர்கள் சொல்லிக் கேட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைய நாளைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. மையத்துகளை அடக்கிய நாட்களுக்குப் பிறகு எஞ்சியிருந்தவர்களுக்கு முன்னால் நின்ற முதல் கேள்வி தண்ணீர். ஒரு கிணறு கூடத் தப்பவில்லை. சேறு, கூரைத் தகரம், சட்டி பானை, உடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே கடல். பவுசர் வரும் சத்தம் கேட்டால் கலனோடு ஓடுவோம். அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாள் 2005 ஜனவரியில் வந்தது. வுழூவுக்கு அளந்து அளந்து தண்ணீர் ஊற்றித் தொழுத பெருநாள் அது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா இருந்தார். பெயர் வேண்டாம். அவருடைய மகள் என் தங்கச்சியோடு படித்தவள், ஒன்பது வயது. அந்தக் காலையில் அவள் ஒழுங்கைக் கிணற்றில்தான் குளித்துக்கொண்டு நின்றாள். மாமா சந்தைக்குப் போயிருந்தார். ஸஅத் (ரழி) அவர்களைப் போல, பக்கத்தில் இல்லை.

ஜனாஸா அடக்கிய பிறகு மாமா பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். யாரும் கேட்கவில்லை, கேட்கத் துணிவும் இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தார். வாப்பாவும் இறங்கினார். நாங்கள் பொடியன்மார் மேலே நின்று கயிறு இழுத்தோம். மூன்று நாள் எடுத்தது. பிறகு யாரோ கொண்டு வந்த பம்பை வைத்து இறைத்தோம். குளோரின் போட்டோம். அடுத்த நாள் ஊறிய தண்ணீரை மாமா கையில் ஏந்தி வாயில் வைத்தார். உப்பு.

திரும்ப இறைத்தோம். உப்பு. இன்னொரு தடவை இறைத்தோம். முன்பை விடக் கூடின உப்பு. "இன்னொருக்கா இறைப்பம் மாமா, இப்ப வந்திரும்" என்று சொன்னவன் நான்தான். எத்தனை தடவை என்று எண்ணிக்கை மறந்துவிட்டது. ஒரு மஃரிபு நேரம் மாமா பம்பை நிறுத்திவிட்டுக் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். "பிள்ளயத்தான் எடுத்தான். இந்தத் தண்ணியயும் தர மாட்டானா?" என்றார். வாப்பா அவரைத் தடுக்கவில்லை, பத்வாவும் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

சில கிழமைக்குப் பிறகு உப்பு அளக்கும் கருவியோடு ஒரு குழு வந்தது. நாங்கள் செய்ததைக் கேட்டுவிட்டு, தயவு செய்து இனி இறைக்க வேண்டாம் என்றார்கள். அப்போது எங்களுக்குக் கோபம்தான் வந்தது. இன்று விளங்குகிறது. கடல் நீரில் லீற்றருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நூறு வாளி நல்ல தண்ணீரில் இரண்டு வாளி கடல் நீர் கலந்தாலே வாய்க்குத் தெரியும். எங்கள் கிணற்றைச் சுற்றியிருந்த மணல் முழுவதும் கடலைக் குடித்திருந்தது. கிணற்றை எத்தனை தடவை காலி செய்தாலும், சுற்றியுள்ள மணலிலிருந்து அதே உப்புத்தான் உள்ளே வரும். அதோடு கீழே இருந்த உப்பையும் நாங்களே மேலே இழுத்துவிட்டோம். குவளைக்குள் கரண்டி விட்டுச் சுற்றியது நான்தான். மட்டக்களப்புக் கரையில் ஆய்வு செய்த நிலத்தடி நீர் நிபுணர்கள் பிறகு சொன்னதும் இதுதான்: இந்தக் கிணறுகளின் உப்பைக் குறைத்தது இறைப்பு அல்ல, மழை.

2005இன் கோடை முழுவதும் மாமா காத்திருந்தார். சும்மா இருக்கவில்லை. கிணற்றுக் கட்டை உயர்த்திக் கட்டினார். சுற்றிவரச் சீமெந்துத் தளம் போட்டார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வாளி அள்ளி, ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்புவார். ஐப்பசி, கார்த்திகையில் மாரி இறங்கியது. தொடர்ந்து பெய்தது. மணலில் விழுந்த நல்ல தண்ணீர் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளியது. மாரி முடியும் தறுவாயில் ஒரு வெள்ளிக்கிழமை மாமா வழக்கம் போல ஒரு மிடறு எடுத்தார். துப்பவில்லை. விழுங்கினார். இன்னும் ஒரு மிடறு குடித்தார். பிறகு அதே வாளித் தண்ணீரில் வுழூ செய்துகொண்டு ஜும்ஆவுக்கு வந்தார்.

பல வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "நான் இறைச்சதெல்லாம் உப்பு மகன். அவன் தந்ததுதான் இனிப்பு. ஆனா நான் சேறு அள்ளாம இருந்தா அவன் தந்தது எங்க வந்து தங்கிரிக்கும்?" என்றார்.

தண்ணீர் நிலத்துக்குள் வற்றிப் போனால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டு வருபவன் யார் என்று கேட்டுத்தான் ஸூரத்துல் முல்க் முடிகிறது. அதை நான் எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். எனக்கு அது விளங்கியது அந்த மாமாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான். மகளின் கவலை அவரை விட்டுப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் மெலிந்து போவார். ஆனால் கவலையோடு போய் நிற்க அவருக்கு ஒரு இடம் இருந்தது. மாரிக்கு முன் தூர் எடுப்பார், கயிறு மாற்றுவார், இலை குப்பை விழாமல் வலை போடுவார். பலகை எழுதி மாட்டவில்லை. மகளின் பெயரை அதில் எழுதச் சொல்லி யாரோ கேட்டபோது, "இது அந்த உம்மா வுட்ட கிணறு. நான் தூர் எடுத்தவன் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார்.

அவர் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு அந்தக் கிணற்றை யாரும் தூர் எடுக்கவில்லை. நானும்தான். அள்ள ஆளில்லாததால்தான் அது பாழாகியது என்று நாம் சொல்கிறோம். பார்க்க ஆளில்லாததால்தான் பாழாகியது என்பதுதான் உண்மை.

பைப் தண்ணீர் அல்லாஹ்வின் பெரிய நிஃமத். அம்பாறைப் பக்கத்துக் குளத்துத் தண்ணீர் சுத்தமாகி வீட்டுக்குள் வருகிறது. நம் உம்மாமார் இடுப்பில் குடம் சுமந்த காலம் போய்விட்டது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மாரியில் வெள்ளம் வந்து குழாய் நின்ற நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? போத்தல் தண்ணீருக்குக் கடை கடையாக அலைந்தோம். அந்த நாட்களில் கிணறுள்ள வீடுகளுக்கு முன்னால் எவ்வளவு கூட்டம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் இப்போது ஸதக்கா ஜாரியா என்று நிறையக் குழாய்க் கிணறுகள் அடிக்கிறோம். நல்ல நிய்யத்துத்தான். ஆனால் ஆழமாக அடித்து மோட்டார் போட்டு நாள் முழுவதும் இழுத்தால், இந்த மணல் மேட்டில் என்ன நடக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அதே போல மலசலகூடக் குழியைக் கிணற்றோடு ஒட்டி வைக்கிறோம். மணல் நல்ல தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் உள்ளே விடுமோ, அழுக்கையும் அவ்வளவு சீக்கிரம் விடும். கிணற்றுக்கு ஒரு 'ஹரீம்', அதாவது சுற்றிவரப் பாதுகாக்கப்பட்ட எல்லை உண்டு என்று நம் மார்க்கச் சட்டம் பேசுகிறது. இப்னுமாஜாவில் 40 முழம் என்று வருகிறது, கிட்டத்தட்ட 60 அடி. கால்நடைகள் தங்கித் தண்ணீர் குடிக்க இடம் வேண்டும் என்பது அன்றைய காரணம். கிணற்றுக்கும் உரிமை உண்டு என்ற அந்த எண்ணம் இன்றைக்கும் நமக்குத் தேவை.

என் வேண்டுகோள் மூன்றுதான்.

ஒன்று, அந்த இடம் வக்பு என்றால் அதை மாற்ற நமக்கு உரிமை இருக்கிறதா என்று முதலில் ஆலிம்களிடம் கேட்போம். பிறகு மண் லொறிக்குச் சொல்வோம்.

இரண்டு, நுளம்புப் பிரச்சினை உண்மை. அதற்கு வலை போடலாம், மீன் விடலாம், பீ.எச்.ஐ. ஐயாவை அழைத்து வந்து காட்டலாம். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். குடிக்கக் கூடாது என்றால் கழுவ, குளிக்க, மரத்துக்கு ஊற்ற வைத்துக்கொள்வோம்.

மூன்று, இந்த மாரிக்கு முன் ஒரு சனிக்கிழமை தூர் எடுப்போம். கயிறும் வாளியும் நான் கொண்டு வருகிறேன். எட்டாம், ஒன்பதாம் ஆண்டுப் பொடியன்மாரையும் அனுப்புங்கள். பம்பு வேண்டாம். வாளியால் அள்ளினால் போதும்.

அந்தக் கிணற்றை விட்டுக் கொடுத்த உம்மாவின் பெயர் இப்போது ஒழுங்கையில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அல்லாஹ் அறிவான். அவருடைய கபுறுக்கு நன்மை போய்க்கொண்டிருக்கும் ஒரு வழியை மோட்டார் சைக்கிள் நிறுத்துவதற்காக நாம் மண் போட்டு மூட வேண்டாம்.

யா அல்லாஹ், அந்த உம்மாவையும், அந்த மாமாவையும், அவருடைய பிள்ளையையும், அன்று நம்மை விட்டுப் பிரிந்த அனைவரையும் பொருந்திக்கொள்வாயாக. நம் கிணறுகளில் நல்ல தண்ணீரை நிலைக்கச் செய்வாயாக. ஆமீன்.

சனிக்கிழமைக்கு வரக்கூடியவர்கள் கீழே சொல்லுங்கள். வஸ்ஸலாம்.